ஏற்றமும் இறக்கமும் இல்லாத பாதை

பாசனக் கால்வாய்க்கரையில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தேன். 55ஆவது கிலோமீட்டர் வாக்கில் தண்ணீர் குடிக்கலாம் என்று பாட்டிலை எடுத்தேன். கையில் பிடித்த உணர்வே இல்லை. பாட்டில் நழுவிச் சரளையில் விழுந்து, கரைச் சரிவில் உருண்டு, கால்வாய்த் தண்ணீரில் மிதந்து போய்விட்டது. இடது கையின் சுண்டுவிரலும் மோதிர விரலும் கட்டையாக மரத்துப் போயிருந்தன. காலையில் கிளம்பும்போது, 'முழுக்கச் சமதரைதானே, 80 கிலோமீட்டர் என்ன பெரிய தூரமா' என்று நினைத்திருந்தேன். மலைப்பாதைகளில் அதைவிட அதிகம் ஓட்டியும் இப்படி ஆனதில்லை. சமதரையில் ஏன் ஆனது என்று புரிய இன்னும் நாலைந்து பயணங்கள் பிடித்தன.

மலைப்பாதையில் உடம்பு தானாகவே இடம் மாறிக்கொண்டிருக்கும். ஏறும்போது பின்னால் சாய்வோம், செங்குத்தான இடத்தில் எழுந்து நின்று மிதிப்போம், இறங்கும்போது பெடலை நிறுத்தி மூச்சு வாங்குவோம். கால்வாய்க்கரையில் இந்த மூன்றுக்கும் இடமில்லை. தண்ணீர் மண்ணை அரிக்கவும் கூடாது, வண்டலைப் படியவிட்டு நின்றுவிடவும் கூடாது என்பதால், பாசனக் கால்வாய்க்கு மிகக் கொஞ்சமாகத்தான் சரிவு கொடுப்பார்கள். பெரிய கால்வாய்களில் ஒரு கிலோமீட்டருக்கு 10, 20 சென்டிமீட்டர் இறங்கினாலே அதிகம். தண்ணீருக்கு அது போதும், சைக்கிளுக்குப் போதாது. 4 மணி நேரப் பயணம் என்றால் 4 மணி நேரமும் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும், உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடி, பிடித்த இடத்தைப் பிடித்தபடி.

உள்ளங்கையில் சுண்டுவிரல் பக்கமாக ஓடுகிற அல்னார் நரம்பு, எலும்புக்கும் ஹேண்டிலுக்கும் நடுவில் அப்படியே மணிக்கணக்காக நசுங்குகிறது. சரளையின் அதிர்வு அதன்மேல் விடாமல் தட்டிக்கொண்டே இருக்கிறது. விரல் மரத்துப் போகாமல் என்ன செய்யும்?

இப்போதெல்லாம் கடிகாரத்தில் 10 நிமிடத்துக்கு ஒரு மணி வைத்துக்கொள்கிறேன். மணி அடித்தால் எழுந்து நின்று 20 மிதி மிதிக்க வேண்டும், கை வைத்திருக்கும் இடத்தை மாற்ற வேண்டும். பிரேக் லீவரின் மேல் கொஞ்ச நேரம், ஹேண்டிலின் நடுக்கம்பியில் கொஞ்ச நேரம், கீழ் வளைவில் கொஞ்ச நேரம். முழங்கையை விறைப்பாக நீட்டாமல் லேசாக மடக்கி வைத்தால் அதிர்வில் ஒரு பகுதியை அதுவே வாங்கிக்கொள்ளும். இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கைகொடுத்தது சீட்டின் மூக்கு. அது கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. சாய்ந்த சீட்டில் உடம்பு முன்னால் சறுக்கிக்கொண்டே வரும், அந்தப் பாரத்தையெல்லாம் கைதான் தாங்கும். மட்டம் பார்த்துச் சீட்டைச் சரிசெய்து, ஹேண்டிலையும் 1 சென்டிமீட்டர் உயர்த்தினேன். அடுத்த பயணத்தில் மரமரப்பு பாதியாகக் குறைந்தது. மறுநாள் வரை மரமரப்பு நீடித்தால் மட்டும் பிடிவாதம் பிடிக்காதீர்கள். ஓட்டுவதை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

சாப்பாட்டிலும் இதே கதைதான். இறக்கம் வரட்டும், அப்போது சாப்பிட்டுக்கொள்ளலாம் என்றால் இறக்கம் வரவே வராது. நேரம் பார்த்து நின்று சாப்பிடுங்கள்.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். கால்வாய்க்கரை பெரும்பாலும் சுற்றியுள்ள வயலைவிட உயரமாக இருக்கும். வேர்கள் கரையைப் பிளந்துவிடும் என்று பல இடங்களில் பாசனக் கரைகளில் மரங்களை வளரவிட மாட்டார்கள். அதனால் காற்றுக்கும் நமக்கும் நடுவில் ஒன்றும் இருக்காது. மலை ஏறும்போது உச்சி எங்கே என்று தெரியும். எதிர்க்காற்றில் உச்சி என்று ஒன்று கிடையாது. கால்வாய் திரும்பினால்தான் உண்டு, அதுவோ அடிவானம் வரை நேராகப் போய்க்கொண்டிருக்கும். காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாகக் கூடுவதால், கொஞ்சம் வேகம் கூட்டப் போனாலும் பெரிய விலை கொடுக்க வேண்டியிருக்கும். ஆரம்பத்தில் நான் வேகமானியைப் பார்த்து ஓட்டினேன். 25இல் போய்க்கொண்டிருந்தது 17க்கு இறங்கியதும் மனசு பொறுக்காமல் அழுத்தி மிதித்து, திரும்பி வரச் சக்தி இல்லாமல் நின்றிருக்கிறேன். இப்போது வேகமானியை வேறு பக்கத்துக்கு மாற்றிவிட்டு மூச்சை மட்டும் கவனிக்கிறேன். பக்கத்தில் ஆள் இருந்தால் பேசிக்கொண்டே மிதிக்க முடிகிற அளவுக்கு மேல் போவதில்லை. போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று என்று இருக்கும்படி திசையைத் தேர்ந்தெடுப்பது எல்லாரும் சொல்கிற யோசனைதான். ஆனால் பல இடங்களில் பகல் ஏற ஏறக் காற்று கூடும், திசையும் மாறும். காலைக் காற்றை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள்.

பக்கக்காற்றுதான் உண்மையில் ஆபத்து. ஆளுயர மக்காச்சோளம் நிற்கிற வயலை ஒட்டிப் போகும்போது காற்றே இல்லாத மாதிரி இருக்கும். அந்த வயல் முடிந்து அறுவடையான வெற்று நிலம் தொடங்குகிற இடத்தில், கதவைத் திறந்துவிட்டது போலக் காற்று பக்கவாட்டில் அடிக்கும். ஒருமுறை அப்படி அடித்ததில் ஒரு முழம் தண்ணீர்ப் பக்கமாகத் தள்ளப்பட்டேன். வயலிலிருந்து தண்ணீரை நோக்கிக் காற்று வீசினால் வயலோரத்துச் சக்கரத் தடத்தில் போவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். அந்தத் தடத்தில் பள்ளம் அதிகமாக இருந்தாலும் அதில்தான் போகிறேன்.

ஏன் இவ்வளவு பயம் என்றால், சிமென்ட் பூசிய கால்வாயில் விழுந்தவர் நீச்சல் தெரிந்தவராக இருந்தாலும் ஏறி வருவது சுலபமில்லை. பக்கச் சுவர் சரிவாக இருப்பதால் பார்க்க எளிதாகத் தெரியும். நீர்மட்டத்தை ஒட்டி வளர்ந்திருக்கும் பாசி காலை நிற்கவிடாது. விழுந்துவிட்டால் ஓட்டத்தை எதிர்த்து நீந்திக் களைத்துப் போகாமல், மல்லாந்து, காலை முன்னால் வைத்து, ஓட்டத்தோடு கரையை நோக்கி ஒதுங்கி, படியோ ஏணியோ கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். மதகும் சுரங்க வாய்க்காலும் வருவதற்கு முன்பே வெளியேறியாக வேண்டும். அங்கே தண்ணீர் ஆளை உள்ளே இழுக்கும். சைக்கிள் விழுந்தால் பின்னாலேயே குதிக்காதீர்கள். போகட்டும், விடுங்கள். எவ்வளவு தாகம் எடுத்தாலும் அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் வேண்டாம். வயலில் அடித்த மருந்தும் உரமும் அதில் வந்து கலந்திருக்கலாம். கையிலோ முழங்காலிலோ சிராய்ப்பு இருந்தால் அதைக் கழுவவும் அந்தத் தண்ணீர் ஆகாது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் காயத்தில் பட்டாலே எலிக்காய்ச்சல் வரலாம். எனக்குத் தேவையானதைவிட ஒரு லிட்டர் கூடுதலாக நல்ல தண்ணீர் எப்போதும் வண்டியில் இருக்கும்.

இனி டயர். கிராவல் பைக் (சரளைப் பாதைக்கான சைக்கிள்) வாங்கிய புதிதில் 35 மில்லிமீட்டர் டயரில் காற்றைக் கல் மாதிரி ஏற்றி ஓட்டினேன். இறுக்கமாக இருந்தால் வேகமாக உருளும் என்று நினைப்பு. தார்ச்சாலையில் அது ஓரளவுக்குச் சரி. சரளையில் இறுகிய டயர் ஒவ்வொரு கல்லின்மேலும் ஏறி ஏறிக் குதிக்கிறது. முன்னால் போக வேண்டிய சக்தியெல்லாம் மேலும் கீழும் போய்விடுகிறது. இளகிய டயர் கல்லை விழுங்கிக்கொண்டு உருளும். இப்போது ட்யூப்லெஸ்ஸில் 42 மில்லிமீட்டர். என் எடை 70 கிலோ, காற்றழுத்தம் முன்சக்கரத்தில் 27 பிஎஸ்ஐ, பின்சக்கரத்தில் 30. இதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். எடை, ரிம்மின் அகலம், பையின் பாரம் எல்லாவற்றையும் பொறுத்து மாறும். உங்களுக்குப் பழகிய பாதையில் ஒரே ஒரு கிலோமீட்டரைத் தேர்ந்தெடுத்து, 2 பிஎஸ்ஐ குறைத்துக் குறைத்துத் திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். கல்லில் ரிம் இடிக்கிற சத்தம் கேட்டால் அளவுக்கு மீறிக் குறைத்துவிட்டீர்கள் என்று பொருள், 3 ஏற்றிக்கொள்ளுங்கள். ஒரு காலை நேரம் இதற்குப் போனாலும் பரவாயில்லை.

டயரால் தீராத ஒன்று, பாதையில் துணி துவைக்கும் பலகை போலக் குறுக்கே வரி வரியாக விழுகிற அலை. லாரி ஓட்டுநர்களின் தவறு என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். 2007இல் வெளியான ஓர் ஆய்வில், சுழலும் மணற்படுகையின்மேல் ஒரு சிறு சக்கரத்தை உருளவிட்டுப் பார்த்தார்கள். வேகம் ஓர் அளவைத் தாண்டியதும் அலை தானாகவே உருவானது. ஸ்பிரிங் இல்லாத சக்கரத்திலும் உருவானது. அதைப் படித்த பிறகு பாதையை வேறு கண்ணோடு பார்க்கிறேன். வண்டிகள் வேகம் எடுக்கிற நீண்ட நேர்க்கோட்டில் அலை இருக்கும். மதகுக்கு அருகே எல்லாரும் மெதுவாகப் போகிற இடத்தில் இருக்காது. தடத்துக்கு வெளியே, சக்கரம் படாத ஓரத்தில் பெரும்பாலும் ஒரு முழ அகலத்துக்கு மிருதுவான மண் கிடைக்கும். அங்கே மாறிவிடுங்கள். ஆனால் அந்த ஓரத்தில்தான் நெருஞ்சியும் இருக்கிறது.

நெருஞ்சி உலகின் வெப்பமான பகுதிகள் பலவற்றில் வளர்கிறது. எங்கே வளர்ந்தாலும் சைக்கிள் ஓட்டுகிறவர்களின் முதல் எதிரி அதுதான். தரையோடு தரையாகப் படர்ந்து, சின்ன மஞ்சள் பூ பூத்து, பார்க்க அழகாக இருக்கும். காய் முற்றி உதிரும்போது துண்டு துண்டாக உடையும். ஒவ்வொரு துண்டிலும் ஆட்டுக்கொம்பு மாதிரி இரண்டு பெரிய முள், எப்படி விழுந்தாலும் ஒன்று வானத்தைப் பார்த்து நிற்கும். ஒரு மத்தியானம் நிழலுக்காக வண்டியைக் காய்ந்த புல்லுக்குள் தள்ளிக்கொண்டு போனேன், 15 அடி இருக்கும். திரும்பி வந்து சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தால் முன் டயரில் 11 முள், பின் டயரில் 8. உள்ளே துளையைத் தானாக அடைக்கிற சீலன்ட் திரவம் இருக்கிறதே என்று தைரியமாக முதல் முள்ளைப் பிடுங்கினேன். காற்று சீறிக்கொண்டு வந்தது, வெள்ளையாக ஒரு சொட்டும் வரவில்லை. சீலன்ட் ஊற்றி 7 மாதம் ஆகியிருந்தது. உள்ளே ரப்பர்த் தோலாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. கையில் இருந்த ஒரே ட்யூபை முன்னால் போட்டுவிட்டு, பின்சக்கரத்தை உருட்டிக்கொண்டு 9 கிலோமீட்டர் நடந்தேன்.

இப்போது 2 மாதத்துக்கு ஒருமுறை வால்வைக் கழற்றி, மெல்லிய குச்சியை உள்ளே விட்டுப் பார்க்கிறேன். குச்சி நனைந்து வரவில்லை என்றால் சீலன்ட் ஊற்ற வேண்டும். சீலன்ட் நன்றாக இருந்தால் முட்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கலாம். பிடுங்கிய துளை தரையைப் பார்க்கும்படி சக்கரத்தைத் திருப்பி, அது அடைத்துக்கொள்ளும் வரை காத்திருந்து அடுத்ததற்குப் போக வேண்டும். ட்யூப் போட்ட டயரில் முள் ஏறியும் காற்று இறங்காமல் இருந்தால் அதைத் தொடாதீர்கள், வீட்டில் போய்ப் பிடுங்கிக்கொள்ளலாம். ட்யூப்பை மாற்றினால் டயரின் உள்பக்கத்தை விரலால் தடவி முள் நுனி ஒன்றுகூட இல்லை என்று உறுதிசெய்த பிறகே புதியதை வையுங்கள். நிழல் எவ்வளவு ஆசை காட்டினாலும் வண்டியைப் புல்லில் உருட்டாமல் தோளில் தூக்கிக்கொண்டு போகிறேன்.

முள்ளையாவது பிடுங்கிவிடலாம். களிமண்ணிடம்தான் நான் முழுதாகத் தோற்றேன். இரண்டு நாள் மழை நின்று, ஒரு நாள் வெயில் அடித்திருந்தது. கிளைக் கால்வாய் பிரிகிற இடத்தில் ஒரு பெரியவர் மண்வெட்டியோடு மடை திருப்பிக்கொண்டிருந்தார்.

"எங்க போறீங்க தம்பி?"

"அந்த மதகு வரைக்கும் போய்ட்டு வந்துடலாம்னு, ஐயா."

"மேலாப்பல காஞ்ச மாதிரிதான் தெரியும். கால வெச்சுப் பாத்துட்டு அப்புறம் வண்டிய விடுங்க."

அவர் சொன்னதைக் கேட்டேன், ஆனால் இறங்கிப் பார்க்கவில்லை. பாதை வெளிறி, ஓடு ஓடாக வெடித்து, காய்ந்துதான் தெரிந்தது. 100 மீட்டர் போனதும் டயரைச் சுற்றி மண் தடித்தது. அடுத்த 10 மீட்டரில், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவில் அடைத்துச் சக்கரம் நின்றுவிட்டது. நான் ஒரு அழுத்து அழுத்தினேன். செயினோடு சேர்ந்து புல்லும் மண்ணும், கியர் மாற்றும்போது செயினை நகர்த்துகிற டிரெய்லியருக்குள் போய், அது ஸ்போக் பக்கமாக முறுக்கிக்கொண்டது. டிரெய்லியரைத் தாங்குகிற சின்ன அலுமினியத் துண்டு, ஹேங்கர் என்பார்களே, அது வளைந்துவிட்டது. வண்டியைத் தூக்கினால் இரண்டு மடங்கு எடை. செருப்புக் கடை முழுவதையும் காலில் மாட்டியது போல ஷூவில் மண் அப்பியிருந்தது.

பெரியவர் வந்தார். ஒன்றும் சொல்லவில்லை. கரையில் கிடந்த மூங்கிலை அரிவாளால் பிளந்து, இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு சிம்பு சீவி, ஃபோர்க்கின் இடுக்கில் விட்டு மேலிருந்து கீழாக இழுத்தார். மண் கட்டி கட்டியாகப் பிரிந்து விழுந்தது. பிறகு குதிகாலால் தரையை அழுத்தி, காலை எடுத்து, பதிந்த தடத்தைக் காட்டினார். அது எண்ணெய் தடவியது போலப் பளபளத்தது. "இப்படி மின்னுச்சுன்னா வண்டி போகாது. பொடிஞ்சு உதிர்ந்தா போகும்," என்றார். எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு தெளிவாக நான் படித்ததில்லை.

அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்தின் எம்போரியா நகரில் 2006 முதல் நடக்கிற அன்பவுண்ட் கிராவல் என்ற 320 கிலோமீட்டர் போட்டியில், 2023ஆம் ஆண்டு, பந்தயம் தொடங்கிய கொஞ்ச தூரத்திலேயே இப்படி ஒரு சேற்றுப் பாதை வந்தது. உலகத்தரமான வீரர்களும் இறங்கி வண்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அவசரப்பட்டு மிதித்த பலருக்கு டிரெய்லியர் உடைந்து பந்தயமே முடிந்தது. பெயின்ட் கலக்குகிற தட்டையான மரக்குச்சியைச் சட்டைப்பையில் வைத்திருப்பது அங்கே பழக்கம், சேற்றைச் சுரண்டுவதற்காகவே. பெரியவரின் மூங்கில் சிம்பும் அதே வேலையைத்தான் செய்தது. சேற்றில் மாட்டினால் அந்த நொடியே மிதிப்பதை நிறுத்துங்கள். தள்ளாதீர்கள், தள்ளத் தள்ள மண் ஏறும். தூக்குங்கள், முடியாவிட்டால் புல் அடர்ந்த ஓரத்தில் உருட்டுங்கள். உங்கள் வண்டிக்குப் பொருந்துகிற ஹேங்கர் ஒன்றை வாங்கி டூல் பையில் போட்டு வையுங்கள். உள்ளங்கையில் அடங்குகிற சாமான்தான், ஆனால் ஒவ்வொரு வண்டிக்கும் வடிவம் வேறு, வழியில் யாரிடமும் கிடைக்காது.

அன்றைக்கு இன்னொன்றும் உறைத்தது. ஈரக் கரையில் என் டயர் கிழித்த தடம் முழங்கை ஆழத்துக்கு இல்லாவிட்டாலும் ஒரு விரற்கடை ஆழம் இருந்தது. அடுத்த மழைத் தண்ணீர் அதன் வழியாகத்தான் வடியும். வடிந்தால் கரை அரிக்கும். அந்தக் கரையை நம்பி வயல் வைத்திருப்பவர்களுக்கு அது என்ன என்று நான் யோசித்திருக்க வேண்டும். ஈரமாக இருந்தால் கரையில் ஓட்டுவதில்லை என்பதில் நான் இப்போது கறாராக இருக்கிறேன். வேறு பாதை இல்லையென்றால் அன்றைக்குப் பயணம் இல்லை.

கால்வாய்க்கரைகளில் நமக்கு ஓட்ட இடம் கிடைப்பதே பெரிய விஷயம். அமெரிக்காவின் செசபீக்-ஒஹாயோ கால்வாய் 1828இல் வெட்டத் தொடங்கி 1850இல் முடிந்தது. படகைக் கயிறு கட்டி இழுத்துப்போன கோவேறு கழுதைகளுக்காகப் போட்ட அதன் கரைப்பாதை 297 கிலோமீட்டர் நீளம், படகை ஏற்றி இறக்குகிற 74 பூட்டு மதகுகள். கால்வாய் பயன்பாடு நின்ற பிறகு அதன் வழியே மோட்டார் சாலை போடலாம் என்று யோசனை வந்தது. உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ், அந்த யோசனையை ஆதரித்த நாளிதழின் ஆசிரியர்களை 1954இல் தன்னோடு முழுத் தூரமும் நடந்து பார்க்க அழைத்தார். முழுத் தூரமும் நடந்து முடித்தவர்கள் 9 பேர். நாளிதழ் தன் நிலையை மாற்றிக்கொண்டது. 1971இல் அந்தக் கால்வாய் தேசிய வரலாற்றுப் பூங்கா ஆனது. நடப்பவர்களால் காப்பாற்றப்பட்ட பாதை அது. கரைப்பாதையில் நடந்துபோகிறவரைப் பின்னாலிருந்து நெருங்கும்போது எனக்கு இது நினைவுக்கு வரும். தூரத்திலேயே மணி அடித்து, அவர் திரும்பிப் பார்க்கிற வரை வேகத்தைக் குறைத்தே போகிறேன்.

பாசனக் கரைகளில் நடப்பவர்களைவிட வேலை செய்கிறவர்கள்தான் அதிகம். மூடியிருந்த கேட்டைத் திறந்தால் திரும்ப மூடுங்கள், திறந்திருந்தால் திறந்தபடியே விடுங்கள். அனுமதி இல்லை என்று பலகை இருந்தால் திரும்பிவிடுங்கள். வயலில் மருந்து அடித்துக்கொண்டிருந்தால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, நம் பக்கம் என்றால் தூரத்திலேயே நின்றுவிடுங்கள். ஆடுமாடு வந்தால் இறங்கி, அவற்றுக்குத் தண்ணீர்ப் பக்கம் ஒதுங்க வேண்டிய நிலை வராதபடி வழிவிடுங்கள். நாய் துரத்தினால் நான் நின்று, இறங்கி, வண்டியை நடுவில் வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசுவேன். இதுவரை ஒரு நாயும் நின்ற என்னைக் கடித்ததில்லை, ஆனாலும் எல்லா நாயும் அப்படி என்று சொல்ல மாட்டேன். டிராக்டரின் பின்னால் பூட்டியிருக்கும் கருவி டிராக்டரைவிட அகலமாக இருக்கும். ஓட்டுநர் நம்மைப் பார்த்துவிட்டார் என்பது தெரியாமல் அதைத் தாண்டவே கூடாது.

போன அறுவடைக் காலத்தில், குறுகலான ஒரு கரையில் எதிரே அறுவடை இயந்திரம் வந்தது. பாதை முழுவதும் அதுதான், பின்னால் புழுதிச் சுவர். நான் வண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வயல் பக்கச் சரிவில் நாலடி இறங்கி, அறுத்த பயிரின் தாளில் கால் ஊன்றி நின்றேன். கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று நினைத்தபோது சத்தம் நின்றது. ஓட்டுநர் இன்ஜினை அணைத்திருந்தார். புழுதி மெல்ல மெல்லத் தண்ணீர்ப் பக்கம் சாய்ந்து அடங்குகிற வரை இரண்டு பேரும் அப்படியே இருந்தோம். பிறகு அவர் கையை வீசிப் போகச் சொன்னார். நான் ஏறி, ஓரமாக உருட்டிக்கொண்டு, அவரைக் கும்பிட்டுக் கடந்தேன். 50 மீட்டர் தள்ளிப் போய்ப் பெடலில் கால் வைத்த பிறகுதான் பின்னால் இன்ஜின் மறுபடி உறுமியது.